ஐயம் ஏறும் இடம்

உறுதியில்லாத ஒன்றைச் சொல்ல வரும்போது இன்று ‘ஒருவேளை’ என்று தொடங்குகிறோம். ஒரு பொழுதைக் குறிக்கும் தொடர் இது. ‘ஒருவேளைச் சோறு’ என்பதில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஐயப்படும் வேலையை முழுவதும் இந்த வினையடையிடமே தமிழ் விட்டுவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் இலக்கண வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. ஐயத்தின் சுமையைத் தமிழ் வாக்கியத்தின் தலையில் வைக்கவில்லை. சொல்லின் ஈற்றிலேயே வைத்து வந்திருக்கிறது.

தொல்காப்பிய இடையியல் ‘கொல்’ என்னும் இடைச்சொல்லுக்கு ஐயம் என்ற ஒரே பொருளைத் தருகிறது. எது ஐயத்துக்குரியதோ அதன் பின்னாலேயே அது ஒட்டிக்கொள்ளும். திருக்குறளில் தகையணங்குறுத்தல் அதிகாரத்தின் முதற்குறளில் அணங்கு, மயில், மாதர் என்ற மூன்றோடும் தனித்தனியே ‘கொல்’ வருவதால் தலைவனின் மனம் எந்தெந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்க இயல் இன்னும் ஒரு படி செல்கிறது: தொலைவில் தெரிவது மனிதர் என்று தெரிந்து, ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் பன்மையால் சொல்லச் சொல்கிறது. அங்கே வினைமுற்றின் விகுதியே அறியாமையை நேர்மையாக ஒப்புக்கொள்கிறது.

பவணந்தியார் நன்னூலில் ‘கொல்’லுக்கு அசைநிலையையும் சேர்த்தாரே, அப்படியானால் இந்த மரபு அற்றுப்போகவில்லையா என்று கேட்கலாம். பேச்சிலிருந்து அச்சொல் மறைந்தது உண்மைதான். அது செய்த வேலை மறையவில்லை. ‘வந்தானோ என்னவோ’ என்பதில் ஓகாரமும், ‘வந்திருக்கலாம்’, ‘வரக்கூடும்’ என்பவற்றில் துணைவினைகளும் அதே இடத்தில் நின்று அதையே செய்கின்றன.

‘ஒருவேளை’ தனித்தே ஐயம் தருமே என்பது அடுத்த மறுப்பு. ‘ஒருவேளை அவன் வந்தான்’ என்று சொல்லிப் பார்த்தால் வாக்கியம் நொண்டுவது தெரியும். ‘வந்திருப்பான்’, ‘வந்தானோ’ என்று முடித்தால்தான் அது நிமிர்கிறது. ‘ஒருவேளை மழை பெய்தால்’ என்பதிலும் ஐயத்தைத் தருவது ‘ஆல்’ ஈறு. ‘ஒருவேளை’யை எடுத்துவிட்டாலும் பொருள் கெடாது. முன்னறிவிப்புதான் அச்சொல்லின் பணி. ஆகவே கவனமாக எழுத விரும்புகிறவர்கள் ‘ஒருவேளை’யைத் தெளித்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. தாம் அறியாதது ஆளையா, செயலையா, காலத்தையா என்று முதலில் தெளிந்து, அந்தச் சொல்லின் ஈற்றில் ஐயத்தை ஏற்ற வேண்டும். அறிந்ததையும் அறியாததையும் ஒரே வாக்கியத்துக்குள் பிரித்துக் காட்டும் வசதியைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது; அதைப் பயன்படுத்துவது வாசகருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.