பின்னோக்கி வரும் இயந்திரம்

மண்வெட்டியும் கூடையும் கொண்டு அணை கட்டிய காலத்தில், கருவியின் வேகம் அதை ஏந்திய கையின் வேகத்தை மிஞ்சியதில்லை. பல நூறு பேரின் வேலையைத் தனித்தே செய்யும் இயந்திரம் வந்ததும் அந்நிலை மாறிற்று. வேலை விரைந்தது, அதனோடு புதியதோர் ஆபத்தும் வேலைத்தலத்துள் நுழைந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே 1931 முதல் 1936 வரை கட்டப்பட்ட ஹூவர் அணை இதற்குச் சான்று. அங்கு 96 தொழிலாளர் வேலையின்போது மாண்டனர் என்பது அரசாங்கக் கணக்கு. நீரில் மூழ்குதல், வெடி, பாறைச் சரிவு ஆகியவற்றோடு, கனரக இயந்திரம் மோதியதும் லொறி விபத்தும் அக்கணக்கில் இடம்பெற்றுள்ளன. அவ்வணையைக் கட்டிய கூட்டு நிறுவனத்தில் மொரிசன் நுட்சன் என்பதும் ஒன்று. இலங்கையில் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகல அணையைக் கட்டியதும் அந்நிறுவனமே.

பெரிய லொறி பின்னோக்கி வரும்போது, அதன் பின்னால் நிற்பவன் சாரதியின் கண்ணுக்குப் புலப்படான். குனிந்து வேலை செய்பவனோ, சூழ்ந்துள்ள இரைச்சலில் லொறியின் வரவை அறியான். இவ்விருவருக்கும் 'கவனமாயிரு' என்று சொல்வதால் மட்டும் பயன் யாது?

கண்ணுக்கு எட்டாததைக் காதுக்கு எட்டச்செய்ய வழி பிறந்தது. 1963 இல் ஜப்பானியரான மட்சுசபுரோ யமகுச்சி பின்னோட்ட எச்சரிக்கைக் கருவியை உருவாக்கினார். 1967 இல் அமெரிக்காவின் பொய்சி நகரைச் சேர்ந்த எட் பீட்டர்சன் அத்தகைய கருவியை விற்கத் தொடங்கினார். அதை முதலில் வாங்கியது மொரிசன் நுட்சன் நிறுவனம். 1971 இல் ஐக்கிய அமெரிக்கா இதனை விதியாக்கியது. பின்புறம் மறைவாயுள்ள வாகனம், சுற்றுப்புற இரைச்சலை மீறிக் கேட்கும் ஒலியை எழுப்பவேண்டும். அன்றேல் ஒருவர் நின்று சைகை காட்டிய பின்னரே பின்வாங்கவேண்டும்.

எனினும் ஒலிக்கும் ஓர் எல்லை உண்டு. பல வாகனங்கள் ஒருங்கே ஒலித்தால், எது தன்னை நோக்கி வருகிறது என்பதைக் காது பிரித்தறியாது. நாள்தோறும் கேட்கும் ஒலி நாளடைவில் பொருளிழந்தும் போகும். ஆகவே, மனிதன் நடக்கும் பாதையும் வாகனம் ஓடும் பாதையும் வேலை தொடங்குமுன்பே பிரிக்கப்படவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பிரித்தானியாவின் 2007 ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், இருசாராரும் ஆபத்தின்றி இயங்குமாறு வேலைத்தலத்தை ஒழுங்குசெய்யக் கோரின. 2012 இலண்டன் ஒலிம்பிக் விழாவுக்கான கட்டட வேலைகளில் சுமார் 46,000 பேர் உழைத்தனர்; விபத்தினால் ஒருவரேனும் மாளவில்லை. பல ஏற்பாடுகள் ஒன்றுசேர்ந்து அளித்த பயன் இது.

முதலில் தொழிலாளியின் கவனத்தை நம்பினர். பின்னர் கருவியின் குரலை நம்பினர். இறுதியில் திட்டமிடுவோரின் பொறுப்பை உணர்ந்தனர். உயிர்காக்கும் வேலை, இயந்திரம் முழங்கத் தொடங்குமுன், வரைபடத்திலேயே தொடங்கவேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.