எல்லையுள் அடைபட்ட விளையாட்டு: வீடியோ விளையாட்டுப் பொறிகளின் பிராந்தியப் பூட்டும் தனியார் இறக்குமதியும்

வணிக வரலாற்றை ஆராய்வோர், ஒரு பண்டம் எங்கே உற்பத்தியாயிற்று, எவ்வழியாகச் சென்றது, எவரால் நுகரப்பட்டது என்பவற்றையே பெரிதும் நோக்குவர். குறித்த ஓர் எல்லைக்கு அப்பாற் பயன்படாதவாறு பண்டத்தின் உள்ளேயே தடையொன்றைப் பொருத்திவைத்த வரலாறு அத்துணைக் கவனம் பெறவில்லை. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் உலகச் சந்தையை அடைந்த யப்பானிய வீடியோ விளையாட்டுப் பொறிகள் அத்தகைய பண்டங்களாகும். ஒரு நாட்டிற் பணங்கொடுத்து வாங்கிய விளையாட்டு, வேறொரு நாட்டிற் பணங்கொடுத்து வாங்கிய பொறியில் இயங்க மறுத்தது. அவ்விளையாட்டை விரும்பியோர் பிறநாட்டுப் பொறியையே தருவித்துக்கொண்டனர். விளையாட்டைப் பற்றியதாதலின் இது சிறு செய்தியெனத் தோன்றலாம். ஆயின், விலைகொடுத்து வாங்கிய பொருளின்மீது வாங்கியவருக்குள்ள உரிமை எதுவரை செல்லும் என்னும் பெருவினா இதனுள் அடங்கியுள்ளது. அவ்வினாவின் வழிநின்று இவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நின்டெண்டோ நிறுவனம் 1983 யூலை 15இல் யப்பானில் வெளியிட்ட 'பமிகொம்' என்னும் பொறியிற் பூட்டு எதுவும் இருக்கவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை, தரமற்ற விளையாட்டுக்கள் அளவின்றிக் குவிந்தமையாற் பெருவீழ்ச்சி கண்டது. எனவே 1985 ஒக்டோபரில் நியூயோர்க்கிற் பரீட்சார்த்தமாக விற்பனைக்கு வந்த அமெரிக்க வடிவத்தில் நின்டெண்டோ புதிய ஏற்பாடொன்றைச் செய்தது. பொறியினுள் ஒரு சிப்பும், விளையாட்டைக் கொண்ட கார்ட்ரிஜினுள் அதற்கிணையான இன்னொரு சிப்பும் பொருத்தப்பட்டன. இரண்டும் தம்முட் குறிகளைப் பரிமாறி ஒத்துப்போகாவிடின் பொறி மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்கே திரும்பும். தன் அனுமதியின்றிப் பிறர் கார்ட்ரிஜ் தயாரித்தலைத் தடுப்பதே இதன் தலையாய நோக்கம். எனினும், அதே சிப்பைச் சற்றே வேறுபடுத்தினால் உலகைக் கூறுபோடவும் முடியும் என்பது விரைவிற் புலனாயிற்று. ஐரோப்பாவுக்குள்ளேயே பிரித்தானியாவும் இத்தாலியும் அவுஸ்திரேலியாவுடன் சேர்ந்து ஒரு வலயமாகவும், ஏனைய ஐரோப்பிய நாடுகள் இன்னொரு வலயமாகவும் அமைந்தன. இவ்வெல்லை மொழியாலோ அரசியலாலோ அமைந்ததன்று. விநியோகத்தர்களின் வணிகப் பங்கீட்டால் அமைந்தது.

இயற்கையான தடைகளும் இருந்தன என்பதை மறுத்தற்கில்லை. யப்பானும் அமெரிக்காவும் 525 கோடுகளும் செக்கனுக்கு ஏறத்தாழ 60 புலங்களும் கொண்ட என்.ரி.எஸ்.சி. தொலைக்காட்சி முறையைக் கைக்கொண்டன. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியும் அவுஸ்திரேலியாவும் 625 கோடுகளும் 50 புலங்களும் கொண்ட பால் முறையைப் பின்பற்றின. 60 புலங்களுக்கென இயற்றிய விளையாட்டைத் திருத்தமின்றி 50 புலங்களில் இயக்கினால் அதன் வேகம் ஆறிலொரு பங்கு குறையும், இசையும் மெதுவாகும், திரையின் மேலும் கீழும் கரும்பட்டைகள் தோன்றும். ஐரோப்பியர் பலர் இக்குறையை அறியாமலே விளையாடினர். அறிந்தோரோ பிறநாட்டுப் பொறியை நாடினர்.

ஒரு பிராந்தியத்துக்கு வாராமலே போன படைப்புக்கள் இந்நாட்டத்தை மேலும் வளர்த்தன. உரையாடல் மிகுந்த யப்பானியக் கதை விளையாட்டுக்களை மொழிபெயர்ப்பது செலவும் காலமும் வேண்டும் பணி, விற்பனையோ நிச்சயமற்றது. 1992இல் யப்பானில் வெளியான 'பைனல் பான்டசி' வரிசையின் ஐந்தாம் படைப்பு 1999இலேயே முறைப்படி ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1995இன் 'செய்க்கென் டென்செற்சு 3' அதிகாரபூர்வமான ஆங்கில வடிவம் பெற 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 1995இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் வெளியான 'குரோனோ டிரிகர்' ஐரோப்பியக் கடைகளை அடைந்தது 2009இலேயே. பதினைந்து வயதில் அதனைப் பற்றிக் கேள்வியுற்ற ஐரோப்பிய இளைஞன் ஒருவன், முப்பதை அண்மிக்கும்போதே அதனைத் தன் நாட்டுக் கடையில் வாங்கியிருக்க முடியும்.

காத்திருக்க விரும்பாதோர் கைக்கொண்ட வழிகள் பலவாகும். யப்பானின் மின்னழுத்தம் 100 வோல்ற். ஐரோப்பாவிலோ அது 220 முதல் 240 வோல்ற் வரை. ஆதலால் தருவித்த பொறிக்கு மின்மாற்றியும் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1991இல் வெளியான 'சுப்பர் நின்டெண்டோ' பொறியின் சிப் யப்பானியக் கார்ட்ரிஜை ஏற்கக்கூடியதே. அதனைத் தடுத்தவை வாயிலின் உள்ளே இருந்த இரு பிளாஸ்ரிக் முனைகள் மாத்திரமே. அவற்றை வெட்டியெறிந்தோர் பலர். 1987இல் யப்பானில் வெளியான 'பிசி எஞ்சின்' பொறி பிரான்சில் இறக்குமதியின் வாயிலாகவே பரவிற்று. 1994 டிசெம்பரில் வெளியான சோனியின் 'பிளேஸ்ரேசன்' பொறியில், இறுவட்டிற் பொறிக்கப்பட்ட மறைகுறியொன்று பிராந்தியத்தை இனங்காட்டியதுடன், நகலெடுத்த வட்டுக்களையும் புறக்கணித்தது. இதனைக் கடப்பதற்கு 'மொட் சிப்' எனப்படும் சிறு சிப் பொறியினுள் ஒட்டப்பட்டது. ஒரே பூட்டு இரு தொழில்களைச் செய்தமையால், அதனைத் திறந்தவன் திருட்டு நகலை நாடினானா, பிறநாட்டில் நேர்மையாக வாங்கியதை இயக்க நாடினானா என்பதைப் பூட்டு வேறுபடுத்தி அறியவில்லை. பின்னெழுந்த வழக்குகளின் சிக்கல் இதிலிருந்தே தோன்றிற்று.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். ஒரு நாட்டின் விநியோகத்தர் மொழிபெயர்ப்புக்கும் விளம்பரத்துக்கும் பணத்தை முதலிடுகிறார். வயதுத் தரப்படுத்தல் முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. வருமானம் குறைந்த நாடுகளிற் குறைந்த விலைக்கு விற்பதற்கும் சந்தைப் பிரிவு துணைசெய்யலாம். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும், விநியோகத்தரோடு செய்த உடன்படிக்கையின் சுமையை அவ்வுடன்படிக்கையிற் கைச்சாத்திடாத நுகர்வோன்மீது ஏற்றுவது எங்ஙனம் நியாயமாகும் என்பதே எதிர்வினா.

இவ்வினா அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தை அடைந்தது. மொட் சிப் விற்றவர் ஒருவருக்கு எதிராகச் சோனி தொடர்ந்த வழக்கில், 2005 ஒக்டோபர் 6இல், நீதிபதிகள் ஒருமனதாக விற்றவர் சார்பிலே தீர்ப்பளித்தனர். சோனியின் ஏற்பாடு நகலெடுத்தலைத் தானாகத் தடுப்பதன்று. எடுத்த நகல் இயங்குவதையே தடுப்பது. எனவே அக்காலச் சட்டம் பாதுகாத்த வகையுள் அது அடங்காது என்பது அவர்கள் முடிவு. அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் விளைவாக அந்நாடு 2006இற் சட்டத்தைக் கடுமையாக்கிற்று. ஆயினும் திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுக்களிலும் புவியியல் ரீதியாகச் சந்தையைப் பிரிக்கும் ஏற்பாடுகள் அப்பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. திருட்டைத் தடுக்கும் பூட்டும் சந்தையைப் பிரிக்கும் பூட்டும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

எல்லா நாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்ததெனக் கூறமுடியாது. சோனியின் 'பிஎஸ்பி' கைப்பொறி 2004 டிசெம்பரில் யப்பானிலும் 2005 செப்டெம்பரில் ஐரோப்பாவிலும் வெளியாயிற்று. அதன் விளையாட்டுக்களுக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை. இருப்பினும் ஹொங்கொங்கைச் சேர்ந்த 'லிக் சாங்' என்னும் வணிக நிறுவனம் அப்பொறியை ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு அனுப்பியமைக்காக இங்கிலாந்தில் வழக்கிடப்பட்டது. தீர்ப்பு சோனிக்குச் சாதகமாயிற்று; 2006 ஒக்டோபரில் லிக் சாங் தன் வணிகத்தை மூடிற்று. பொறியிற் பூட்டில்லாத இடத்தில் வர்த்தகச் சின்னச் சட்டம் பூட்டாயிற்று எனலாம்.

இப்பிரச்சினை விளையாட்டோடு நின்றதன்று. ஆசியப் பதிப்பாக வெளிவரும் பாடநூல்களில், குறித்த நாடுகளுக்கு வெளியே விற்கலாகாது என்னும் வாசகத்தை மாணவர் பலரும் கண்டிருப்பர். தாய்லாந்தில் வாங்கிய அத்தகைய நூல்களை அமெரிக்காவில் விற்ற தாய்லாந்து மாணவர் ஒருவர்மீது வைலி பதிப்பகம் தொடுத்த வழக்கில், 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறநாட்டில் முறைப்படி அச்சிட்டு விற்ற பிரதியின்மீது பதிப்பாளரின் விற்பனை உரிமை முதல் விற்பனையோடு முடிவடைகின்றது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நூலுக்குப் பொருந்திய இந்நியாயமே விளையாட்டுப் பொறியை இறக்குமதி செய்தோர் சட்டமொழியின்றி நீண்டகாலமாக வேண்டிநின்றதுமாகும்.

பூட்டுக்கள் படிப்படியாகத் தளர்ந்தன. 2006இன் பிளேஸ்ரேசன் 3 பெரும்பாலான விளையாட்டுக்களைப் பிராந்திய வேறுபாடின்றி ஏற்றது. மைக்ரோசொப்ற் நிறுவனம் எக்ஸ்பொக்ஸ் வண் பொறிக்கு அறிவித்த கட்டுப்பாடுகளை 2013 யூனில், பாவனையாளரின் எதிர்ப்பின் பின்னர், கைவிட்டது. 2011இல் '3டிஎஸ்' கைப்பொறிக்குப் பூட்டிட்ட நின்டெண்டோவும் 2017இன் 'சுவிட்ச்' பொறியில் அதனை நீக்கிற்று. எனினும் 2025 யூனில் வெளியான 'சுவிட்ச் 2', 69,980 யென்னுக்குப் பன்மொழி வடிவமாகவும், 49,980 யென்னுக்கு யப்பானிய மொழியும் யப்பானியக் கணக்கும் மாத்திரமே ஏற்கும் வடிவமாகவும் யப்பானில் விற்பனைக்கு வந்தது. பூட்டு சிப்பிலிருந்து கணக்குக்கு இடம்பெயர்ந்தது.

இவ்விடப்பெயர்வே நாம் ஊன்றி நோக்கவேண்டியதாகும். பிளாஸ்ரிக் முனையை வெட்டலாம், மின்மாற்றியை இணைக்கலாம், கார்ட்ரிஜைக் கப்பலில் ஏற்றலாம், நண்பருக்குக் கையளிக்கலாம். வலையமைப்பின் வழியே பெறும் விளையாட்டில் இவற்றுள் எதுவும் இயலாது. 2023 மார்ச்சில் 3டிஎஸ் பொறிக்கான இணையக் கடையிற் புதிய கொள்வனவு நிறுத்தப்பட்டபோது, அங்கு மாத்திரமே கிடைத்த விளையாட்டுக்களை எந்நாட்டிலிருந்தும் புதிதாக வாங்கித் தருவிக்க வழியற்றுப் போயிற்று. இறக்குமதியாளரின் சுதந்திரம் பொருளின் பருமையிலே தங்கியிருந்தது. பொருள் மறைய அச்சுதந்திரமும் மறைகின்றது. பூட்டிய பொறியேனும் வாங்கியவனின் கையில் இருந்தது. இனிவருவோர் எதற்குப் பணம் கொடுக்கின்றனர், எதனை உடைமையாகப் பெறுகின்றனர் என்பதைத் தெளிவாக வரையறுப்பது சட்டத்தின் கடமையாகும். அவ்வரையறைக்கு வேண்டிய முன்னுதாரணங்களை, விளையாட்டொன்றுக்காகக் கடல்கடந்து பொறி தருவித்த இவர்களின் வரலாறு நமக்குத் தந்துள்ளது.