சென்னைக் கடலோர மீன்கள்: இரையும் இடமும் பகிர்தல்

ஒரே கடற்பரப்பில் வாழும் மீனினங்கள் அங்கு கிடைக்கும் இரையையும் இடத்தையும் தமக்குள் பிரித்துக்கொண்டு வாழ்வதைச் சூழலியலார் வளப்பங்கீடு என்பர். அடையாற்று முகத்துவாரத்தின் இருபுறமும் விரிந்துள்ள சென்னைக் கரைக்கடல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முகத்துவாரத்துக்கு அருகே, இராஜா அண்ணாமலைபுரத்தின் சாந்தோம் நெடுஞ்சாலையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல நிலையமும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் ஒரே வளாகத்தில் உள்ளன. காசிமேட்டில் கரையேறும் ஒரே இழுவை வலையில் காரல், கத்தாளை, சங்கரா, நாக்குமீன், வாளை எல்லாம் கலந்து வருகின்றன. ஒரே தரையில் மேய்ந்து, ஒரே நீரில் நீந்தும் இத்தனை இனங்களுள் ஒன்று மற்றவற்றை ஏன் விரட்டிவிடவில்லை? வாயின் அமைப்பே இதற்கு முதல் விடை. ஆழம், பருவம், வயது ஆகியவை அதற்கு அடுத்தே வருகின்றன. இந்தக் கடலைப் பற்றிய பழைய சான்றுகளையும் புதிய சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

பழைய சான்றுகள் வகைப்பாட்டியலாரிடமிருந்து கிடைத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடி மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் சோழமண்டலக் கரை மீன்களைப் பதப்படுத்தி, பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் புளோக்குக்கு அனுப்பிவந்தார். கத்தாளைகளின் ஒரு பேரினத்துக்கு 1793இல் புளோக் இட்ட ஜானியஸ் என்ற பெயர் ஜானைக் குறித்ததே. விசாகப்பட்டினத்தில் திரட்டிய 200 மீன்களைப் படங்களுடன் பேட்ரிக் ரஸ்ஸல் 1803இல் வெளியிட்டார். மெட்ராஸ் மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாகக் கொண்டுவந்த ‘இந்தியாவின் மீன்கள்’ இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கும் நூல். இவர்களில் எவரும் மீன்கள் இரையை எப்படிப் பகிர்கின்றன என்று கேட்கவில்லை. சாராயத்தில் ஊறிய உடல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய, வாய் திறக்கும் திசையையும் பல்லின் வடிவையும் செவுள்முட்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டார்கள். இந்த உறுப்புகள் மூன்றும் இரை பிடிக்கும் கருவிகள். எனவே இனங்களை அடையாளம் காண எழுதப்பட்ட குறிப்புகள், அவை எதை உண்ண முடியும் என்பதற்கான குறிப்புகளாகவும் அமைந்துவிட்டன. இந்தப் பொருத்தத்துக்கு அறிஞர்கள் இன்னும் உரிய மதிப்புத் தரவில்லை.

காரல் குடும்பத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. சென்னைச் சந்தைகளில் காரப்பொடி என்று குவித்து விற்கப்படும் இச்சிறு வெள்ளி மீன்கள் ஒரே இனம் அல்ல. புளோக் இவற்றில் ஒன்றை 1787இல் சேயுஸ் பேரினத்திலும், இன்னொன்றை 1795இல் கானாங்கெளுத்தியோடு சேர்த்து ஸ்காம்பர் பேரினத்திலும் வைத்தார். பின்வந்தவர்கள் இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்து, அதனுள் பேரினங்களைப் பிரிக்க வாயையும் பல்லையும் அளவுகோலாகக் கொண்டனர். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. எஸ். பி. ஆர். ஜேம்ஸ் 1975இல் இந்தியக் காரல்களை விரிவாக மறுஆய்வு செய்தார். காரல்கள் எல்லாவற்றுக்கும் வாய் குழாய்போல் நீண்டு மடங்கும். ஆனால் நீளும் திசை வேறு. செக்யூட்டர் பேரினத்தின் வாய் மேல்நோக்கி நீளும். அது நீரில் மிதக்கும் நுண்விலங்குகளை உறிஞ்சும். லியோக்நாதஸ் பேரினத்தின் வாய் கீழ்நோக்கி நீளும்; அது சேற்றிலுள்ள புழுக்களையும் சிறு ஓட்டுடலிகளையும் எடுக்கும். காஸா பேரினத்தின் வாய் நேராக முன்னால் நீளும், கோரைப்பற்களும் உண்டு, சிறு மீனையும் இறாலையும் அது பிடிக்கும். ஒரே கூட்டமாகத் திரிந்தாலும் ஒன்றின் இரை மற்றொன்றுக்கு எளிதில் எட்டாது. கத்தாளைகளிலும் இதே நிலைதான். ஜானியஸ்களின் வாய் தலையின் அடிப்பக்கம் அமைந்து தரையை மேய்கிறது. முன்வாயில் கோரைப்பல் கொண்ட பன்னா, மீனையும் இறாலையும் துரத்திப் பிடிக்கிறது.

மேல்நீர் மீன்களில் வாயின் வேலையைச் செவுள்முட்கள் செய்கின்றன. விழுங்கிய நீர் செவுள் வழியே வெளியேறும்போது இரையை வடித்து நிறுத்துபவை அவை. எண்ணெய் மத்தியின் முதல் செவுள் வளைவின் கீழ்ப்பாதியில் 150க்கும் மேற்பட்ட முட்கள் நெருங்கி நிற்கின்றன. சென்னையில் கவலை என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் மத்தி இனங்களுள் ஒன்றான சார்டினெல்லா கிப்போசாவுக்கு அதே இடத்தில் 38 முதல் 66 வரைதான். கானாங்கெளுத்திக்கு 30 முதல் 46. ஆகவே எண்ணெய் மத்தியால் நுண்பாசிகளைக்கூட வடித்தெடுக்க முடிகிறது. மற்றவை பெரும்பாலும் நுண்விலங்குகளை நம்புகின்றன. வரலாறே நடத்திக்காட்டிய ஒரு சோதனையும் இங்கு உண்டு. எண்ணெய் மத்திக்கு 1847இல் பெயரிட அடிப்படையான மாதிரி புதுச்சேரியில் கிடைத்தது. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதன் பெருங்கூட்டங்கள் மேற்குக் கரையில்தான் இருந்தன. ஹார்னெலும் ராமசாமி நாயுடுவும் 1920களில் அதன் வாழ்க்கையை ஆராய்ந்ததும் மலபாரில்தான். 1980களின் பிற்பகுதியிலிருந்து அது தமிழகக் கரையிலும் பெருகியது. அப்படிப் பெருகியபோதும் நெத்திலியோ கானாங்கெளுத்தியோ பழைய கவலைகளோ இந்தக் கடலிலிருந்து மறையவில்லை. வடிக்கும் கருவி வேறாக இருந்ததே இதற்கு முதற்காரணம்.

இதற்கு எதிரான வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. முதலாவது, குடல் ஆய்வுகளிலிருந்து எழுவது. 1954இல் தொடங்கிய இந்திய மீன்வள ஆய்விதழில் தொடர்ந்து வெளிவந்த உணவுப் பழக்கக் கட்டுரைகளைப் புரட்டினால், பல இனங்களின் வயிற்றிலும் கோப்பிபாட் என்னும் நுண் ஓட்டுடலிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்படியானால் பங்கீடு எங்கே? இரை மிகுந்த பருவத்தில் எல்லாரும் ஒன்றையே தின்பது போட்டி ஆகாது. இரை குறையும்போது யார் எதற்குத் திரும்புகிறார் என்பதே பங்கீட்டைக் காட்டும். அதோடு இறங்குதளத்தில் வாங்கிய மீனின் வயிறு நம்பகமான சாட்சி அல்ல. ஆழத்திலிருந்து இழுக்கப்படும்போது பல மீன்கள் உண்டதைக் கக்கிவிடுகின்றன. வலைக்குள் அகப்பட்டபின் விழுங்கியதும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது வாதம் பவளப்பாறை ஆய்விலிருந்து வந்தது. பாறையில் இடம் காலியாகும்போது எந்தக் குஞ்சு முதலில் வந்து சேர்கிறதோ அதற்கே அந்த இடம், இது குலுக்கல் போன்றது என்று பீட்டர் சேல் 1977இல் எழுதினார். இருக்கும் இடத்தை விட்டுக்கொடுக்காத பாறை மீன்களுக்கு அது பொருந்தலாம். சேற்றுத் தரைமேல் கூட்டமாய் அலையும் காரலுக்கும் கத்தாளைக்கும் காத்து நிற்க இடம் என்று ஒன்று இல்லை. மூன்றாவது வாதம், மீன்பிடிப்பும் பெருமீன்களும் எண்ணிக்கையைக் குறைத்துவைப்பதால் போட்டியே எழுவதில்லை என்பது. பெருமீன்களைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இழுவைப்படகுகள் பரவியது 1960களில்தான். அதற்கு வெகுமுன்பே ரஸ்ஸலும் டேயும் இந்தக் கரையின் மீன்களைப் பக்கத்துப் பக்கங்களில் பதிந்துவிட்டார்கள்.

காரல்களைப் பற்றி மட்டும் இன்னொரு மறுப்பு உண்டு. அவற்றின் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் உறுப்பு இருக்கிறது. பல இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது வேறுபடுகிறது. ஒளியால் துணையை அறிந்ததே இத்தனை இனங்கள் தோன்றக் காரணம், இரைப் பங்கீடு அல்ல என்பர் சிலர். ஓர் இனம் எப்படித் தோன்றியது என்பது வேறு கேள்வி, தோன்றியபின் பக்கத்து இனத்தோடு எப்படி நிலைக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஒளி விடையாகலாம். இரண்டாவதற்கு வாய்தான் விடை. நிலவுயிர்கள் பெரும்பாலும் வாழிடத்தால் பிரிகின்றன என்று தாமஸ் ஷோனர் 1974இல் தொகுத்துக் காட்டினார். மீன்களில் உணவுப் பிரிவினையே முந்துகிறது என்று ஸ்டீபன் ராஸ் 1986இல் எழுதிய மதிப்பாய்வு கண்டது. சென்னைக் கடல் ராஸின் பக்கமே நிற்கிறது.

ஆழத்தையும் நேரத்தையும் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு வாளை சான்று. பெரிய வாளைகள் பகலில் மேல்நீரில் இரைதேடி இரவில் தரைக்கு இறங்குகின்றன. குட்டிகள் பகலில் ஆழத்தில் இருந்து இரவில் மேலேறுகின்றன. தன் குட்டியையே தின்னும் மீனில் இந்த எதிர்மாறான நேர ஒழுங்கு குட்டிகளைக் காக்கிறது. கானாங்கெளுத்தி ஆழத்துக்கு நகர்ந்ததும் பதிவாகியுள்ளது. இந்தியக் கரைகளில் 1985–89இல் அதன் பிடிப்பில் 2 விழுக்காடே தரை இழுவை வலைகளில் கிடைத்தது. 2003–07இல் அது 15 விழுக்காடு. மேல்நீர் சூடேறுவதே இதற்குக் காரணம் என்று இ. விவேகானந்தன் குழுவினர் விளக்கினர். சென்னைக் கடலில் சங்கராவின் முட்டையிடும் பருவமும் மாறியிருக்கிறது. 1980இல் முட்டையிடும் பெண்மீன்களில் சுமார் 35 விழுக்காடு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வெப்ப மாதங்களில் காணப்பட்டன. 2004இல் 5 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவை அக்டோபர் முதல் மார்ச் வரையான மாதங்களுக்குப் போய்விட்டன. மீன் பிறந்த பிறகு தன் வாயின் வடிவை மாற்றிக்கொள்ள முடியாது. ஆழத்தையும் பருவத்தையும் சில பத்தாண்டுகளில் மாற்றிக்கொள்ள முடிகிறது. வாய் வகுத்த நிலையான எல்லைக்குள் மற்ற இரண்டும் நெகிழ்ந்துகொடுக்கின்றன என்று இதைப் படிக்க வேண்டும்.

தற்போது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இயந்திரப் படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. மற்ற மாதங்களில் இழுவை வலை இந்த இனங்கள் எல்லாவற்றையும் ஒருசேரப் பிடிக்கிறது.