பல கிளை அலுவலகங்களின் தொலைபேசிப் பிணைப்பு

சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருப்பவர், கோவைக் கிளையின் கணக்குப் பிரிவை எக்ஸ்டென்ஷன் எண்ணை மட்டும் அழுத்திப் பிடித்துவிட வேண்டும். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இபிஏபிஎக்ஸ்களை, அதாவது அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகங்களை, ஒன்றாகப் பிணைப்பது இதற்காகத்தான்.

தொடக்கக் காலத்தில் இரு அலுவலகங்களுக்கு இடையே ‘டை லைன்’ என்ற தனி இணைப்பை வாடகைக்கு எடுத்தார்கள். ஓர் இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான். எத்தனை இணைப்புகள் போதும் என்று கணக்கிட, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. டிஜிட்டல் காலத்தில் வந்த இ1 இணைப்பு, நொடிக்கு 2.048 மெகாபிட் வேகத்தில் 30 பேச்சுகளைச் சுமந்தது. இப்போது பெரும்பாலும் இணைய நெறிமுறைதான். குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 முறையில் ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் வேண்டும், ஜி.729 முறையில் 8 போதும். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது.

இணைப்பை விட எண் திட்டம்தான் அதிகம் படுத்தும். இரண்டு கிளைகளிலும் 201 இருந்தால் மணி எங்கே அடிக்கும்? ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முன்னெண் கொடுத்து 4201, 5201 என்று பிரிப்பது வழக்கம். இதை முதல் நாளே முடிவு செய்யாதவர்களுக்கு, பிறகு விசிட்டிங் கார்டுகள் வரை மாற்ற நேரும்.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நின்றது. நிறுவனத்தின் சொந்த இணைப்பில் வெளியூருக்குப் போன அழைப்பை அங்குள்ள பொதுத் தொலைபேசியில் விட்டால் எஸ்டிடி கட்டணம் தப்பிவிடும் என்பதால் அதற்குத் தடை. இந்தத் தடையைக் கடைப்பிடிக்கவே பிணையக் கருவி நிறுவனமான சிஸ்கோ தன் மென்பொருளில் ‘லாஜிக்கல் பார்ட்டிஷனிங்’ என்ற வசதியைத் தந்தது. 2021 ஜூனில் கால் சென்டர் போன்ற சேவைகளுக்கான விதிகள் தளர்ந்தன. அவற்றின் இபிஏபிஎக்ஸ் உலகில் எங்கிருந்தாலும் சரி என்றானது.

அலட்சியம் கூடாத இடம் ஒன்று உண்டு: அவசர அழைப்பு. 2013இல் டெக்சஸ் விடுதி அறை ஒன்றில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய சிறு மகள் அமெரிக்க அவசர எண்ணான 911ஐத் திரும்பத் திரும்ப அழுத்தியும் அழைப்பு போகவில்லை. வெளி இணைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்தார். முன்னெண் இல்லாமலே 911 கிடைக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 2018இல் நிறைவேறியது.

பல ஊர்ப் பிணைப்பில் இன்னோர் ஆபத்தும் சேர்கிறது. கிளையின் வெளி அழைப்புகள் தலைமை அலுவலகம் வழியே போனால், உதவி வேறு ஊருக்குக் கிளம்பக்கூடும். செலவு மிச்சம் என்று கிளையின் உள்ளூர் இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிடாதீர்கள். 112, 108 அவசர எண்களுக்காக ஒன்றையாவது விட்டுவையுங்கள்.