மண்புழுவழி நிலச்சீரமைப்பு

மாசுற்ற நிலத்தை மண்புழுக்களின் துணையால் சீர்செய்யும் உயிரியல் முறை. மண்புழு தமிழில் நாங்கூழ் எனவும் வழங்கும். டார்வின் மண்புழுவைப் பற்றிய தம் நூலை 1881இல் வெளியிட்டார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகமும் நாங்கூழின் உழைப்பைப் போற்றுகிறது.

செயல்முறை: புழு விழுங்கிய மண்ணும் மட்கும் அதன் அரைவைப் பையில் நுண்ணிதாக அரைபட்டு, குடலில் வாழும் நுண்ணுயிர்களோடு கலந்து, குருணை போன்ற எச்சமாக வெளிப்படும். புழு குடைந்த வளைகளின் வழியே காற்றும் நீரும் உட்புகுவதால், எண்ணெய் முதலிய கரிமப் பொருள்களைச் சிதைக்கும் பாக்டீரியங்கள் விருத்தியடையும். காட்மியம் போன்ற உலோகங்களோ நாசமடைவதில்லை. அவற்றில் ஒரு பகுதி புழுவின் திசுக்களிலுள்ள புரதங்களோடு பிணைந்து தங்கிவிடுகிறது. ஆதலின் அத்தகைய புழுக்களைக் கோழியும் காகமும் கொத்தித் தின்னாவண்ணம் காத்தல் அவசியம்.

இந்தியப் பணி: சென்னை புதுக்கல்லூரிப் பேராசிரியராயிருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், லாம்பிட்டோ மாரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்னும் உள்நாட்டு இனங்களை ஆராய்ந்து பிரசாரம் செய்தார்; இலக்னோவை அடுத்த களர்நிலத்திலும் இம்முறை பரீட்சிக்கப்பட்டது.

திருவண்ணாமலையில்: பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலம் நிகழும் இந்த க்ஷேத்திரத்தில் குவியும் நிர்மாலிய மலர்கள், மண்ணையும் குளத்தையும் கெடுக்குமுன் மண்புழுக்களால் எருவாதற்குரியன. பச்சை மலர்க்குவியல் உள்ளே சூடேறிப் புழுவை விரட்டுமாதலால், நாரும் நூலும் பிளாஸ்டிக்கும் களைந்து, சாணக்கரைசல் தெளித்துப் பாதி மட்கிய பின்னரே புழுக்களை விடுதல் வேண்டும்.