ஈரொட்சைட்டுக்குள்ள இருக்கிற கணக்கு

சுவாமி விபுலானந்தர் எண்டதும் மட்டக்களப்பில யாருக்கும் முதல்ல ஞாபகம் வாறது யாழ் நூல். அடுத்தது கல்லடி உப்போடையில அவர் தொடங்கின சிவானந்த வித்தியாலயம். அவர் ஒரு இரசாயன வாத்தியார் எண்டதை மட்டும் நாம அவ்வளவாகப் பேசுறதில்லை.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே வருடம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். அடுத்த வருடம் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் இரசாயன ஆசிரியர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. காவி உடுத்தது இதுக்கெல்லாம் பிறகுதான்.

அந்த 1916 ஒரு சுவாரசியமான வருடம். இந்தப் பக்கம் சேலத்தில ராஜாஜி, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குறதுக்கு ஒரு சங்கம் தொடங்குறார். அந்தப் பக்கம் அமெரிக்காவில கில்பர்ட் லூயிஸ் என்ற இரசாயனவியலாளர், அணுக்கள் ஒண்டோட ஒண்டு எப்படி ஒட்டுது எண்டு ஒரு கட்டுரை எழுதுறார். அணுவின் வெளி ஓட்டில் இருக்கிற இலத்திரன்களை மூலகக் குறியீட்டைச் சுற்றிப் புள்ளிகளாக வைத்தார். இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரனைப் பொதுவாக வைத்துக்கொண்டால் அதுதான் பிணைப்பு என்றார். பெரும்பாலான அணுக்களுக்கு எட்டு சேர்ந்தால் நிம்மதி, ஐதரசனுக்கு இரண்டு போதும். இண்டைக்கும் ஓ/எல் வகுப்பில நாம போடுற புள்ளிப்படம் இதுதான்.

இதை வாவிக் கரையிலேயே பார்க்கலாம். நீர் வற்றின நேரம் கண்ணாப் பற்றைக்குள்ள சேத்தைக் கிளறினா கூழ்முட்டை மணம் வரும். அது ஐதரசன் சல்பைட்டு. கந்தகத்தின் வெளி ஓட்டில் ஆறு இலத்திரன், இன்னும் இரண்டு வேணும். ஐதரசனிடம் இருக்கிறதோ ஒண்டு. அப்ப இரண்டு ஐதரசன் வந்தாத்தான் கணக்குச் சரி. அதே வாவித் தண்ணியைக் காயவச்சா வாற உப்பின்ட கதை வேற. சோடியம் ஒரு இலத்திரனைக் குளோரீனுக்குக் கொடுத்தே விடும். பிறகு நேரேற்றமும் மறையேற்றமும் ஒண்டையொண்டு இழுத்து வைத்திருக்கும். ஏற்றமே விகிதத்தைச் சொல்லிவிடுவதால் சோடியம் குளோரைட்டு என்ற பெயரில் எண் எதுவும் தேவைப்படவில்லை.

பங்குபோடுற மூலகங்கள்தான் சிக்கல். காபனும் ஒட்சிசனும் ஒரு விதமாக மட்டும் சேர்வதில்லை. காபனீரொட்சைட்டு நாம மூச்சில விடுறது. காபனோரொட்சைட்டு, பூட்டின அறைக்குள்ள ஜெனரேற்றர் ஓடினா ஆளையே கொல்லுறது. வித்தியாசம் ஒரு ஒட்சிசன், பெயரில ஓர் எழுத்து. அதனால்தான் மூலக்கூற்றுச் சேர்வைகளின் பெயரில் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த எண்ணை எந்த மொழியில சொல்லுறது? ஆங்கிலம் கிரேக்கத்திடம் கடன் வாங்கியது: மொனோ, டை, ட்ரை, டெட்ரா. தமிழ்நாட்டில் அதையே எடுத்து 'கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதுகிறார்கள். நம்ம பாடப்புத்தகம் எண்ணைத் தமிழிலேயே வைத்தது. உயிர் எழுத்துக்கு முன்னால ஓர், ஈர். மூன்று வந்தா வகரம் ஏறி கந்தகமூவொட்சைட்டு. நாலு, ககரத்துக்கு முன்னால நாற் ஆகி காபன் நாற்குளோரைட்டு. ஐந்து, பொசுபரசு ஐங்குளோரைட்டு. தமிழ் வாத்தியார் புணர்ச்சி விதி படிப்பிக்கேக்க தூங்கினவனுக்கும் இரசாயனப் பாடத்தில அது திரும்பி வரும்! (மொனோ, ஒக்சைட் இரண்டும் சேரேக்க அங்கயும் ஒரு ஓ விழுந்து மொனொக்சைட் ஆகுது. அவங்களுக்கும் புணர்ச்சி இருக்கு.)

இப்படியான வேலையில விபுலானந்தருக்குப் பங்கு இருந்தது. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்கு அவரே தலைவர். இரசாயனச் சொற்களை ஆக்கிய குழுவையும் அவர்தான் நடத்தினார். 1938இல் அந்தத் தொகுதி வெளிவந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், 1947இல் மறைந்தார். தாய்மொழிக் கல்வி மேல் வகுப்புகளுக்கு ஏறின காலத்தை அவர் பார்க்கவில்லை. அதற்கான இலங்கைக் கலைச்சொற்றொகுதிகளை அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்டது. அவை சென்னைத் தொகுதியின் நகல் அல்ல, பல இடங்களில் வேறு வழியில் போயின.

எல்லாம் நல்லா வந்தது எண்டு சொல்ல மாட்டன். அணு எத்தனை பேரோட சேரும் எண்ட திறனுக்கு நாம 'வலுவளவு' எண்டுறம், தமிழ்நாட்டில் 'இணைதிறன்'. இணைதிறன்தான் நல்ல சொல். வலுவளவு எண்டா ஏதோ தூக்குற பலம் மாதிரி. ஆனால் அவர்களின் 'சகப்பிணைப்பை' விட நம்ம 'பங்கீட்டு வலு' நேராகப் பேசுது. அதுலயும் ஒரு சின்னக் குறை. பங்கீடு எண்டா அரிசியை அளந்து ஆளுக்கு ஆள் பிரிச்சுக் குடுக்கிறது. இலத்திரன் சோடியை யாரும் பிரிச்சுக் கொண்டுபோறதில்லை. இரண்டு வளவுக்கும் நடுவில இருக்கிற கிணறு மாதிரி, இரண்டு பேரும் சேர்ந்து வச்சிருக்காங்க.

இண்டைக்கு ஏ/எல் படிக்கிற பிள்ளை புத்தகத்தில வலுவளவு இலத்திரன் எண்டு வாசிக்குது, யூரியூப்பில தமிழ்நாட்டு ஆசிரியர் இணைதிறன் எலக்ட்ரான் எண்டுறார், வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போனா எல்லாம் ஆங்கிலம். மூண்டும் ஒண்டுதான் எண்டு யாராவது ஒருக்கா சொல்லிக் குடுத்தா போதும். சொல்லிக் குடுக்காட்டி, தனக்கு இரசாயனம் ஓடாது எண்டு அந்தப் பிள்ளை முடிவெடுத்திடும். ஓடாமப் போனது சொல்லு மட்டும்தான்.