விசுவாசம்
அண்மையில் சண்டிலிப்பாயில் நடந்த ஜெபக்கூட்டமொன்றில், தேவனிடத்தில் நமக்குக் 'கொமிற்மென்ற்' போதாதென்று இளம் பிரசங்கியார் ஒருவர் பன்முறை வருந்தக் கேட்டபோது, அப்பொருளைத் தன்னுள் அடக்கிய விசுவாசம் என்னும் சொல் அவர் நாவிலேயே இருக்க, இந்த இரவல் எதற்கென்று எனக்குத் தோன்றிற்று. மூச்சுவிடுதலைக் குறிக்கும் வடமொழித் தாதுவிற் பிறந்து, சுவாசம், ஆசுவாசம் என்பவற்றோடு உறவு பூண்ட இச்சொல், ஒருவரை நம்பி அச்சமின்றி ஆறியிருக்கும் மனநிலையைச் சுட்டுவதோடு, தமிழ் வழக்கில், நம்பியவருக்கு மாறாது நிற்றலையும் குறிக்கலாயிற்று. எசமான விசுவாசம் என்பதில் இருப்பது இப்பிந்திய பொருளே. ஆலயத்தில் அது கொள்கையை ஒப்புக்கொள்ளுதல் என்ற அளவிற் சுருங்கிப்போக, மாறாமை நாய்க்குரிய குணமாக ஒதுக்கப்பட்டது விசித்திரமே. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இச்சொல்லை விடுத்து நம்பிக்கை என்பதை அமைத்தது. பழைய மொழிபெயர்ப்பில் நம்பிக்கை வருங்காலத்தை எதிர்பார்த்திருத்தலைக் குறித்தமையால், அவ்விடத்துக்கு எதிர்நோக்கு என்ற வேறு சொல்லைக் கொள்ள வேண்டியதாயிற்று. தனித்தமிழே வேண்டுமெனில், திருக்குறளின் துறவதிகாரம் விடவேண்டிய பந்தத்துக்கும் இறைவனைச் சார்தலுக்கும் ஒருங்கே ஆளும் பற்று என்பதோடு உறுதியைச் சேர்த்துப் பற்றுறுதி எனலாம். நல்ல சொல்தான், ஆயினும் சற்றே அரசாங்க வாடை வீசுகின்றது. பிரசங்கத்துக்கு விசுவாசமே போதும். அதன் மறந்த பாதியைப் போதகர்கள் சபைக்கு எடுத்துரைப்பார்களாக.